ஏற்காட்டுக் கடிதங்கள்: ஆங்கிலப் பக்கத்துக்கு டைம்ஸ் ரோமன் போதுமா?

மலைக்காப்பி
எங்க தாத்தா ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்டுல கணக்கு எழுதுனவர். அவர் சேர்த்து வச்ச ஆங்கிலக் கடிதங்களையும் எங்க தமிழ் மொழிபெயர்ப்பையும் எதிரெதிர்ப் பக்கமா வச்சு புத்தகம் போடுறோம். கிரவுன் 1/4 சைஸ், பக்கத்துக்கு ஒரே பத்தி, 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பளபளப்புப் பூசாத தாள். சேலத்துலதான் ஆஃப்செட். ஆங்கிலத்தை டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவுல, 11 பாயிண்ட் அளவுல வச்சிருக்காங்க. என் தங்கச்சி பாஸ்கர்வில் எழுத்துருதான் வேணும்ங்கறா. எது சரி?

கிச்சிப்பாளையம் பிரிண்டர்
டைம்ஸை மாத்தாதீங்க. 1932ல லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக ஸ்டான்லி மாரிசன் மேற்பார்வையில விக்டர் லார்டென்ட் வரைஞ்ச எழுத்து அது. a, x மாதிரி சின்ன எழுத்துக்கு உயரம் நல்லா இருக்கும், அகலம் கம்மி. அதனால ஒரு பக்கத்துல நிறைய அடங்கும். பாஸ்கர்வில் போட்டா பக்கம் ஏறும். ஒரே ஷீட்டுல அச்சாகுற 16 பக்க ஃபாரம் ஒண்ணு கூடுனா தாள், பிளேட், பைண்டிங் எல்லாமே கூடும். படிக்கிறவங்களுக்குக் கடிதம் முக்கியமா, எழுத்தோட வால் முக்கியமா?

அஸ்தம்பட்டி மாறன்
அண்ணே, அது பொறந்தது குறுகலான பத்திரிகைப் பத்திக்கு. இங்க ஓரம் போக அஞ்சே முக்கால் அங்குலம் வரி நிக்குது. 11 பாயிண்ட் டைம்ஸ் அதுல எண்பது எழுத்தைத் தாண்டிடும். ஒரு வரி முடிஞ்சு இடது ஓரத்துக்குத் திரும்புறப்போ கண்ணு வரி தவறும். புத்தகத்துக்கு அறுபது எழுபது எழுத்துதான் சுகம். பாஸ்கர்வில் கொஞ்சம் அகலமா, காத்தோட்டமா நிக்கும். பெரிய க்யூ (Q) எழுத்தோட நீண்ட வாலைப் பாருங்க. சின்ன ஜி (g) எழுத்தோட கீழ் வளையம் முழுசா மூடாம நிக்கிறதைப் பாருங்க. ஜான் பாஸ்கர்வில் பர்மிங்காம்ல கையெழுத்து சொல்லிக்கொடுத்தவர், கல்லறைக் கல்லுல எழுத்து வெட்டுனவர். 1750கள்ல அவர் செஞ்ச எழுத்துல அந்தக் கை தெரியுது. கையால எழுதுன கடிதங்களுக்கு அது வேணும்.

கோரிமேடு ரவி
ரெண்டும் வேண்டாங்க. செரிஃப்னா எழுத்தோட கால்லயும் தலையிலயும் நீட்டிக்கிட்டு நிக்குற சின்னக் கட்டை. தமிழ்ல அது எந்த எழுத்துக்கும் கிடையாது. எதிரெதிர்ப் பக்கத்துல வச்சா ஒண்ணு வளைவா ஓடும், இன்னொண்ணு முள்ளுமுள்ளாத் தெரியும். செரிஃப் இல்லாத கேலிப்ரி போடுங்க. அமெரிக்க வெளியுறவுத் துறை 2023ல டைம்ஸை விட்டுட்டு கேலிப்ரிக்கு மாறுனதே படிக்கச் சுலபம்னுதான்.

அஸ்தம்பட்டி மாறன்
அதே துறை 2025 டிசம்பர்ல டைம்ஸுக்கே திரும்பிடுச்சு ரவி. செரிஃப் இருந்தாத்தான் நல்லாப் படிக்கலாம், இல்லாட்டித்தான் படிக்கலாம்னு ரெண்டுல எதையும் ஆராய்ச்சி உறுதியா நிலைநாட்டல. பாஸ்கர்வில் எழுத்து கண்ணைக் கெடுத்துடும்னு அந்தக் காலத்துலயே ஒருத்தர் சண்டைக்கு நின்னார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அப்போ இன்னொரு எழுத்து வார்ப்பாளரா இருந்த காஸ்லனோட மாதிரித்தாள்ல பேர் இருந்த தலைப்பை மட்டும் கிழிச்சுட்டு, இதுதான் பாஸ்கர்வில்னு அவர்கிட்ட நீட்டுனார். அவரும் அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக் குத்தம் சொன்னார்! 1760ல ஃபிராங்க்ளினே பாஸ்கர்வில்லுக்கு எழுதுன கடிதத்துல இது இருக்கு.

தமிழ்ல செரிஃப் இல்லதான், ஆனா தடிப்பும் மெலிவும் உண்டு. தமிழுக்கு லதா எழுத்துரு இருந்தா அதை எடுத்துட்டு நோட்டோ செரிஃப் தமிழ் இல்ல டிரோ தமிழ் போட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒட்டும்.

டிடிபி செல்வி
மாறன் தம்பி, வரி நீளம் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா பாஸ்கர்வில் இந்தத் தாளுக்கு ஆகாது. அந்த மனுஷன் தன் எழுத்துக்காக மை, அச்சுப்பொறி எல்லாத்தையும் தானே சரிபண்ணிக்கிட்டவர். தாளைக்கூட சூட்டுல அழுத்தி வழவழப்பாக்குனார். ஈய எழுத்து தாள்ல அழுந்துறப்போ மை பிதுங்கி மெல்லிசுக் கோடும் கொஞ்சம் தடிக்கும். ஆஃப்செட்டுல அந்த அழுத்தம் ஏது? கம்ப்யூட்டர் பாஸ்கர்வில்ல பல வகை ரொம்ப மெலிசு. 8 பாயிண்ட் அடிக்குறிப்புல ஆங்கிலச் சின்ன ஈ (e) எழுத்தோட குறுக்குக் கோடு விட்டு விட்டு விழும். போட்டோவுக்குள்ள வெள்ளை எழுத்து வச்சா இன்னும் மோசம். நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரணும், அந்த ரிஜிஸ்டர் இம்மி தள்ளுனாலும் மெல்லிசுக் கோட்டுக்குள்ள கலர் புகுந்து எழுத்தே அடைபட்டுப் போகும்.

சார்ட்டர்னு ஒரு எழுத்துரு இருக்கு, அதைப் போடுங்க. 1987ல மேத்யூ கார்ட்டர் செஞ்சது. அந்தக்கால 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) லேசர் பிரிண்டர்லயும் உடையக்கூடாதுன்னு கட்டையைத் தடிப்பா, நேரா வெட்டுனாப்ல வரைஞ்சிருக்கார். இலவசமாவே கிடைக்கும். அவரோட இன்னொரு எழுத்துரு ஜார்ஜியா இதுக்கு வேண்டாம். 1894னு போட்டா 8 மேல ஏறும், 9ம் 4ம் வரிக்குக் கீழ தொங்கும். இந்தப் புத்தகம் முழுக்கத் தேதி.

அஸ்தம்பட்டி மாறன்
தொங்குற எண்தான் அந்தக் காலத்துக் கடிதத்துக்கு அழகுங்க்கா! சார்ட்டர் ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்.

டிடிபி செல்வி
ஆங்கிலப் பக்கத்துல அழகுதான் தம்பி. எதிர்ப் பக்கத்துல தமிழ் வரிக்குள்ள அதே தேதி நேரா நிக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, உறுத்தும்.

கிச்சிப்பாளையம் பிரிண்டர்
சார்ட்டரும் டைம்ஸைவிட அகலம்தான் செல்வி. பக்கம் ஏறுற கணக்கு அப்படியே நிக்குது. ஓரத்தை அதிகமா விட்டு வரியை நாலரை அங்குலமாக் குறைச்சா டைம்ஸே உக்காந்துடும்னுதான் நான் இப்பவும் சொல்லுவேன்.

மலைக்காப்பி
ஒரே கடிதத்தை டைம்ஸ், பாஸ்கர்வில், சார்ட்டர் மூணுலயும் செட் பண்ணச் சொல்லிட்டேன். வரி நாலரை அங்குலம். தமிழுக்கு டிரோ.

டிடிபி செல்வி
லேசர் பிரிண்ட் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க, டோனர் எல்லாத்தையும் தடிப்பாத்தான் காட்டும். அதே மேப்லித்தோவுல வேற வேலையோட சேர்த்து ஒரு ஷீட் ஓட்டச் சொல்லுங்க. ரெண்டுக்கும் 11 பாயிண்ட்னு விட்டுடாதீங்க. தமிழ் க, ப உயரமும் ஆங்கிலச் சின்ன எழுத்து உயரமும் கண்ணுக்குச் சமமாத் தெரியுற வரைக்கும் ஒண்ணைக் கூட்டிக் குறைச்சுப் பாருங்க. மாறன் தம்பிக்காக அட்டையில பாஸ்கர்வில் வச்சுக்கலாம். 36 பாயிண்டுல கோடு உடையாது.