எமிக், எட்டிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பண்பாட்டு மானிடவியல் மாணவர்களுக்கான களக்குறிப்புக் கையேட்டுக்கு எமிக் (emic, ஒரு சமூகத்துக்குள் வழங்கும் பாகுபாடு), எட்டிக் (etic, பண்பாடுகளை ஒப்பிட ஆய்வாளர் வைக்கும் பாகுபாடு) இரண்டுக்கும் சொல் வேண்டும். அகநிலை, புறநிலை என்று சிலர் எழுதுகிறார்கள். ஏற்கலாமா?

———

> அகநிலை, புறநிலை

வேண்டாம். சப்ஜெக்டிவ், அப்ஜெக்டிவ் இரண்டும் அவற்றுக்கு எப்போதோ பட்டா வாங்கிவிட்டன. அகநிலை என்றதும் தனிமனிதக் கருத்து என்று மாணவர் எடுத்துக்கொள்வார். எமிக் என்பது ஒரு சமூகம் பொதுவாக வைத்திருக்கும் பாகுபாடு. மொழியியலாளர் கென்னத் பைக் 1954இல் ஒலியனியல் (phonemics), ஒலியியல் (phonetics) என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து கிள்ளியெடுத்த வால்கள் இவை. 'கல்', 'தங்கம்' இரண்டிலும் ககரம் வேறுவேறாக ஒலிக்கிறது. ஒலியியலுக்கு இரண்டு, தமிழ் பேசுபவருக்கு ஒன்றே.

———

> அப்படியானால் 'உள்ளோர் நோக்கு'?

யார் பார்க்கிறார் என்பதல்ல கேள்வி. எந்த வேறுபாடு அந்தச் சமூகத்தில் செல்லுபடியாகும் என்பதே. வெளியாரும் எமிக் பகுப்பாய்வு செய்யலாம்.

என் பரிந்துரை: எமிக் – உள்வழக்கு, எட்டிக் – ஒப்புவகை. எட்டிக் வகைகளின் வேலையே பண்பாடுகளை ஒப்பிடுவதுதானே.

எடுத்துக்காட்டுக்குப் பங்காளியைப் போடுங்கள். தந்தையின் சகோதரர் மகனும் தாயின் சகோதரி மகனும் ஒப்புவகையில் ஒரே கட்டம்: பேரலல் கசின். தமிழிலும் இருவரும் அண்ணன் தம்பிதான். ஆனால் பங்காளி முன்னவர் மட்டும். களத்தில் "அவன் எனக்குப் பங்காளி" என்று கேட்டதை 'உறவினர்' என்று குறித்துவிட்டால், பிறகு அந்த வரப்புத் தகராறு ஏன் வந்தது என்றே பிடிபடாது.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் காதில் விழுந்த சொல், மேற்கோள் குறிக்குள், யார் யாரைச் சொன்னார் என்பதோடு. வலப்பக்கம் உறவுச் சங்கிலி: தந்தை–சகோதரர்–மகன். சங்கிலியைச் சொல்லிலிருந்து ஊகிக்கக் கூடாது, தனியே கேட்க வேண்டும். தாயின் சகோதரர், அத்தையின் கணவர், மாமனார் எல்லாருமே 'மாமா'தான்!

கட்டுரையில் பங்காளியை முதலில் வரும் இடத்திலேயே விளக்கிவிட்டு, கடைசிவரை அதையே எழுத வேண்டும். நடை அழகுக்காக உறவினர், சகோதரர் என்று மாற்றினால் வாசகர் மூன்று உறவு என்று எண்ணுவார்.

———

> உள்வழக்கு

மேலே நண்பர் பரிந்துரைத்த இந்தச் சொல்லைக் கேட்டால் கோர்ட் வழக்கு நினைவுக்கு வருமே என்பார்கள். வட்டார வழக்கு, பேச்சு வழக்கு என்று பழகியவர்களுக்கு வராது. எனக்கு உறுத்துவது வேறு: சொற்கள் மட்டுமே எமிக் என்றாகிவிடும். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்குப் பெயரே இல்லாமல் இருக்கலாம், அதுவும் எமிக்தான். உறவுப் பெயரோடு நிறுத்தாமல் பந்தியையும் கையேட்டில் சேர்த்தால் உள்வழக்குக்கு என் ஒப்புதல் உண்டு. ஒப்புவகைக்கு மறுப்பில்லை.