2,93,31,86,25,600: இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

கேள்வி (காரைக்குடி, கணித ஆசிரியை):
தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகளை உடைய எண்களை, அதாவது உயர் பகு எண்களை, இராமானுஜன் தம் 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் 67,46,32,83,88,800 வரை பட்டியலிட்டார். அதில் 2,93,31,86,25,600 விடுபட்டிருக்கிறது. இந்த எண்ணுக்கு 5040 காரணிகள் உண்டு என்பதையும், இது பட்டியலில் இருந்திருக்க வேண்டியதே என்பதையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்கலாம்?

மறுமொழி (ஆத்தங்குடி):
அம்மா, முதலில் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமலோ ஆறு முறை வரையோ எடுக்கலாம் என்பதால் அதற்கு ஏழு வழிகள், 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, கடைசி நான்கிற்கும் இரண்டிரண்டு. 7×5=35, 35×3=105, 105×3=315, 315×16=5040. எங்கள் ஊர்ப் பூக்கற்கள் (தரையில் பதிக்கும் பூ வேலைப்பாட்டு ஓடுகள்) இந்த எண்ணின் அளவு இருந்தால், ஒன்றுகூட மிஞ்சாமல் 2520 வகைச் செவ்வகங்களாகப் பரப்பலாம். இது முழு வர்க்கம் அன்று. ஆகையால் காரணிகள் அனைத்தும் இணை இணையாகவே அமைகின்றன. 5040, 2520 ஆகிய இரண்டும் உயர் பகு எண்களே என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் தாமே சரிபார்க்கக்கூடிய அழகு அது.

மறுமொழி (தேவகோட்டை):
மேலே சொன்ன எண்ணிக்கை சரியே. ஆனால் இதைவிடச் சிறிய எண் எதற்கும் 5040 காரணிகளோ அதற்கு மேலோ இல்லை என்பதை அது நிறுவவில்லை, கேள்வியின் கடினமான பகுதியும் அதுதான். பெரிய பகா எண்ணுக்குச் சிறியதைவிட மிகுந்த அடுக்கு இருந்தால், இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றிக் காரணிகளின் எண்ணிக்கை குறையாமலே எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். எனவே உயர் பகு எண்ணில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்குகள் ஏறவே கூடாது; இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவும் கூடாது. முதல் பதினொரு பகா எண்களின் பெருக்கல் 2,00,56,04,90,130. பன்னிரண்டாவதான 37-ஐயும் சேர்த்தால் நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே சோதிக்க வேண்டியவை 31 வரையிலான பகா எண்களால் மட்டுமே ஆன, அடுக்குகள் ஏறாத எண்கள் மட்டுமே. பொறுமையுள்ள மாணவர்கள் கணினியின்றியே முயலலாம். இதற்கு முந்தைய உயர் பகு எண் 1,95,54,57,50,400. அதற்குக் காரணிகள் 4608. அதில் ஒரு 2-ஐ நீக்கி ஒரு 3-ஐச் சேர்த்தால் நம் எண் கிடைக்கிறது: 8×4=32 என்றிருந்தது 7×5=35 ஆகிறது.

கையால் கணக்கிட்டு அத்தனை பெரிய பட்டியலைத் தந்தவரிடம் இந்த ஒரு விடுபாட்டை நான் குறையாகக் கருதவில்லை. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். நம் எண் 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும், 23-ஆல் வகுபடாது. அந்த 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது, தாங்கள் குறிப்பிட்ட, பட்டியலின் கடைசி எண்.