சடுகுடுவும் செடுகுடுவும்: வெளியூர் மேட்ச் ஆடப் போன கதை உங்ககிட்டயும் இருந்தா சொல்லுங்க

பொதட்டூர் ரெய்டர்:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இன்னைக்கு தறி கரண்ட் இல்லாம நிக்குது, அதனால உக்காந்துட்டேன். எங்க ஊரு பொதட்டூர்பேட்டை, திருத்தணிக்கு மேற்கால. தாத்தா காலத்துல நாங்க ஆந்திரா. ம.பொ.சி. எல்லாரும் போராடி 1960 ஏப்ரல் 1 அன்னைக்கு திருத்தணி தாலுக்கா இந்தப் பக்கம் வந்துச்சு, அத எங்க தாத்தா நேத்து நடந்த மாதிரி சொல்லுவாரு. அந்தக் கத கேட்டு வளந்ததால, நகரி பக்கம்னாலே அது ஏதோ எதிரி நாடுன்னு ஒரு நெனப்பு எனக்கு. இத்தனைக்கும் பஸ்ல ஏறினா ஒரு தூக்கம் போடறதுக்குள்ள ஊர் வந்துரும்.

பத்தாவது முடிச்ச வருஷம் நகரி பக்கம் ஒரு ஊர்ல சங்கராந்திக்கு கபடி மேட்ச், 55 கிலோ. நான் 56க்கு கொஞ்சம் மேல. மொத நாள் மதியத்துல இருந்து தண்ணி கூட குடிக்கல, காலைல நாலு மணிக்கு அண்ணனோட ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு ஏரிக்கரை மேல ஓட்டம், அப்பவும் கொறையலன்னு ஒருத்தன் முடிய ஒட்ட வெட்டுடா நூறு கிராமாவது போகும்னு சொல்லி சலூன்ல உக்கார வச்சுட்டான். அங்க அரிசி மூட்டை போடற தராசுல தான் வெயிட் பாத்தாங்க. கரெக்டா 55. மூட்டை தராசு நூறு கிராம் எல்லாம் காட்டுமான்னு இப்ப தோணுது, அன்னைக்கு தலைமுடி போனது தான் மிச்சம்.

கிளம்பும்போது தாத்தா சொன்னாரு, "அவன் ரெஃப்ரி அவன் பக்கம் தான்டா விசில் ஊதுவான், ஜாக்கிரதை"ன்னு. உண்மைய சொல்லணும்னா ரெஃப்ரி ஒழுங்கா தான் ஊதினாரு, எங்களுக்கு ஒரு போனஸ் கூட தாராளமாவே குடுத்தாரு. தப்பு பண்ணது நாங்க. எதிர் டீம் தெலுங்கு ஆளுங்கதானே, என்ன புரியப் போகுதுன்னு கோர்ட்டுக்கு வெளிய இருந்து எங்க பசங்க தமிழ்லயே பிளான் கத்திட்டு இருந்தாங்க. "லெஃப்ட் கார்னர் வீக்கு, அவன் மேலயே போ, கைய நீட்டி எடு". நானும் பாடிக்கிட்டே போய் அவன் மேலயே போனேன். மொத தடவ தொட்டுட்டேன். ரெண்டாவது தடவ அவன் காலப் பின்னுக்கு இழுக்கிற மாதிரி ஏமாத்திட்டு, நான் குனிஞ்ச நேரம் கணுக்காலப் பிடிச்சான் பாருங்க, அப்படியே கவர்ல இருந்து ரெண்டு பேர் மேல வந்து விழ, என் எடது கை எனக்கு அடியில மாட்டி டப்புனு ஒரு சத்தம். மண்ணு கோர்ட், மேட் எல்லாம் அப்ப யாருக்கும் தெரியாது.

கைய பாத்தா முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல ஒரு புது வளைவு. எங்க பசங்க எல்லாம் மொகம் வெளிறிப் போய் நிக்கிறானுங்க. அந்த லெஃப்ட் கார்னர் பையன் தான் ஓடிப் போய் யார்கிட்டயோ பைக் சாவி வாங்கிட்டு வந்தான், அவங்க மாமா ஓட்ட, நடுவுல நான், பின்னாடி அவன் என் கைய ஒரு துண்டுல ஏந்திப் பிடிச்சுக்கிட்டு, புத்தூர் கட்டுக்கு கிளம்பிட்டோம். மேட்ச் பாதில நிக்குது, அவன் இல்லாம அவன் டீம் ஆடணும், அதப் பத்தி அவன் வாயே தொறக்கல.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாடி இருந்து சுத்தமான தமிழ்ல கேக்கறான்: "ஏம்ப்பா, என்னப் பாத்தா வீக்கா தெரியுதா?"

கை வலில அழுதுட்டு இருந்தவனுக்கு சிரிப்பு வந்துருச்சு. அவங்க வீட்ல தமிழ் தான். நகரி பக்கம் நெறைய குடும்பம் அப்படி தான், தறி நெய்யறவங்க, எங்கள மாதிரியே. பேசுவான், ஆனா தமிழ் எழுத்து ஒண்ணு கூட தெரியாது, படிச்சதெல்லாம் தெலுங்கு மீடியம். ஸ்கூல்ல அவன "அரவோடு"ன்னு கூப்பிடுவாங்களாம், அதாவது தமிழன்னு கிண்டலா. அத சாதாரணமா தான் சொன்னான். எனக்கு தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னா எங்க டீம்லயே ரைட் கவர் ஆடறவன் வீட்ல தெலுங்கு பேசுவாங்க, நாங்க அவன மூணு வருஷமா "கொல்டி"ன்னு தான் கூப்பிட்டோம், அவன் பேரு சொல்லி கூப்பிட்டதா ஞாபகமே இல்ல. பைக்ல போகும்போது அவன் மொகம் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. வீட்டுக்கு வந்தப்புறமும் போய் சாரி எல்லாம் கேக்கல, அந்த வயசுல யாரு கேப்பா. பேரு சொல்லி கூப்பிட ஆரம்பிச்சேன், அவன் "என்னடா ஒடம்பு சரியில்லையா"ன்னு கேட்டான்.

புத்தூர்ல பாத்தா நிக்கிற கூட்டத்துல பாதி தமிழ்நாட்டு வண்டி. பச்சையா ஏதோ இலை மருந்து, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பட்டை வச்சு இறுக்கிக் கட்டினாங்க. இழுத்து வைக்கும்போது நான் போட்ட சத்தம் நகரிக்கே கேட்டிருக்கும். எனக்கு கை நல்லா கூடிருச்சு, ஆனா இத படிச்சுட்டு எல்லா முறிவுக்கும் அங்க ஓடாதீங்க, மொதல்ல எக்ஸ்ரே எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பையன் வெளிய உக்காந்து அங்க இருந்த பொடிசுங்களுக்கு செடுகுடு பாடிக் காட்டிட்டு இருந்தான். அப்ப தான் எனக்குத் தெரியும், நாங்க சின்ன வயசுல சடுகுடுன்னு பாடினத அவங்க செடுகுடுன்னு பாடறாங்கன்னு. நான் அது நம்மளுது மட்டும்னு நெனச்சிருந்தேன். அப்புறம் காலேஜ் டீம்ல மகாராஷ்டிரா போனப்ப, ரிசர்வேஷன் கன்ஃபர்ம் ஆகாம ரெண்டு நாள் கதவுகிட்ட நியூஸ் பேப்பர் விரிச்சு உக்காந்து போனோம், அங்க கிரவுண்ட்ல கோடு போடற பெரியவர் நாங்க பிராக்டிஸ் பண்றத பாத்து "ஹுதுது, ஹுதுது"ங்கறாரு. வங்காளத்து பசங்க அத ஹாடுடும்பாங்க, பங்களாதேஷுக்கு அது தான் தேசிய விளையாட்டு. அந்தப் பெரியவர் தான் இன்னொண்ணும் சொன்னாரு, 1936 பெர்லின் ஒலிம்பிக் சமயத்துலயே அவங்க மகாராஷ்டிரா அமராவதில இருந்து ஒரு குரூப் போய் கபடி ஆடிக் காட்டினாங்கன்னு. நான் நம்பல, அப்புறம் படிச்சுப் பாத்தா நிஜம் தான்.

உங்க கதையும் போடுங்க.

கொழிஞ்சாம்பாறை அக்கா:

தம்பி, நீ அந்த ஓரம்னா நான் இந்த ஓரமுங்க. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா. ஸ்கூல்ல தமிழ் மீடியம், ஓடினது கேரளா ஜெர்சில. கேம்ப்ல எல்லாம் மலையாளப் புள்ளைங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, ஆனா தமிழ்க்காரங்கள கிண்டலா சொல்ற "பாண்டி"ன்னு ஒரு வார்த்தை எப்பவும் காதுல விழும். அதனால நான் வாயே தொறக்க மாட்டேன், அம்மா போன் பண்ணினா கூட வெளிய போய் தான் பேசுவேன்.

ஒருக்கா தமிழ்நாட்டுப் புள்ளைங்களும் வந்த ஒரு மீட், நடந்தது நம்ம கேரளாவுல. சாப்பாட்டு மேசை மேல பதிமுகம் போட்டுக் காய்ச்சின தண்ணி வச்சிருக்காங்க, ரோஸ் கலர்ல. அதுங்க அதப் பாத்துட்டு "ஐயோ டேங்க் துருடி, குடிக்காத"ன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிட்டு தண்ணியே இல்லாம சோறத் தின்னுட்டு விக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. எனக்கு பாக்க முடியல. "அது மரச்சீவலுங்க, ஒடம்புக்கு நல்லது, குடிங்க"ன்னேன். அத்தனையும் திரும்பிப் பாத்துச்சு, கேரளா ஜெர்சி போட்டவ தமிழ் பேசறாளேன்னு. என் கூட வந்த புள்ளைங்களும் திரும்பிப் பாத்துச்சு, அது வேற விஷயம்.

எங்கிட்ட அப்ப ஸ்பைக்ஸ் இல்ல. வெறுங்காலு தான். 1500 மீட்டர் ஹீட்ஸ் முடிஞ்சு ஃபைனல்ஸ் வராத ஒரு தமிழ்நாட்டுப் புள்ள, எதுவும் கேக்காம அவ ஸ்பைக்ஸ கழட்டிக் குடுத்தா. அவ சைஸ் அஞ்சு, எனக்கு நாலு. முன்னாடி பஞ்சு அடைச்சு கட்டிட்டு ஓடினேன். நாலாவது வந்தேன், மெடல் இல்ல. ரெண்டாவது ரவுண்டுலயே பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிருச்சு, அது இல்லைனா மூணாவதான்னு இன்னும் ஒரு சந்தேகம் இருக்குதுங்க. ஸ்பைக்ஸ திருப்பிக் குடுத்துட்டேன், அட்ரஸ் வாங்க மறந்துட்டேன், அது தான் வருத்தம். 2017ல புவனேஸ்வர்ல எங்க ஜில்லாக்காரி, முண்டூர் பி.யு. சித்ரா ஆசிய 1500ல தங்கம் வாங்கினப்ப டிவி முன்னாடி நான் அழுதேன், வீட்டுக்காரருக்கு காரணம் புரியல. அந்த ஸ்பைக்ஸ் புள்ளையும் எங்கயாவது பாத்திருப்பா.

களியக்காவிளை கோலி:

அக்கா சொன்னது சரிதான். எங்க கன்னியாகுமரி ஜில்லாவுக்கும் அப்டிதான், 1956 வரைக்கும் நாங்களே திருவிதாங்கூர்-கொச்சிக்காரங்க தானே. நான் மலப்புரத்துல செவன்ஸ் ஃபுட்பால் ஆடியிருக்கேன், ஒரு மேட்சுக்கு இவ்ளோன்னு காசு பேசி. அறுப்பு முடிஞ்ச வயல், ராத்திரி லைட்டு, மூங்கில் கேலரி, ஏழு பேருக்கு ஏழு பேர். ஊரே வந்துரும், உம்மாமாரும் வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்க டீம்ல ஸ்டாப்பர் கானா நாட்டுக்காரன். எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி தான், அதனால மொத நாள் முழுக்க கைய ஆட்டி ஆட்டிப் பேசிட்டே இருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது அவன் பரிமாறுற ஆளப் பாத்து "சேட்டா, கொறச்சு மீன் கறி கூடி"ங்கறான். மூணு சீசனா அங்க இருக்கானாம். நான் கைய ஆட்டினத அவன் என்னன்னு நெனச்சானோ.

அவன் ஒவ்வொரு மேட்ச் காசும் வாங்கினதும் மொதல்ல வீட்டுக்கு அனுப்புவான், அப்புறம் தான் டீ. கண்ணுல பாத்தது. நான் மொதல்ல ஷூ வாங்கினேன்.

பொதட்டூர் ரெய்டர்:

அக்கா, அந்த பஞ்சு மேட்டர் மனசுல நிக்குது. கோலி அண்ணே, உங்க கை ஆட்டல நெனச்சு சிரிச்சுட்டேன்.

அந்த லெஃப்ட் கார்னர் இன்னும் டச்ல தான் இருக்கான். 2018 ஜகார்த்தா ஏசியாட்ல நம்ம ஆளுங்க ஈரான்கிட்ட செமில 27-18ன்னு தோத்தாங்கல்ல, 1990ல கபடி சேத்ததுல இருந்து தங்கத்த விட்டதே இல்ல, அன்னைக்கு போன் பண்ணி ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, சும்மா லைன்ல இருந்தோம். மறுநாள் பொண்ணுங்களும் ஈரான்கிட்டயே ஃபைனல்ல தோத்துட்டாங்க. அந்த ஈரான் பொண்ணுங்களுக்கு கோச் யாருன்னா நாசிக்ல இருந்து போன ஷைலஜா ஜெயின். அத சொன்னதுக்கு அவன் "அப்ப கூட நம்ம ஆளு தான்டா"ன்னான். நம்ம ஆளுன்னு அவன் எத வச்சு சொல்றான்னு எனக்கு இப்பல்லாம் கணக்கே புரியறதில்ல.

வர்ற போகிக்கு அவங்க ஊர்ல மேட்ச் வச்சிருக்கான். 60 கிலோவாம். நான் இப்ப 82. ஸ்கோர் எழுத தான் கூப்பிட்டிருக்கான், தெலுங்கு நம்பர் எல்லாம் வேணாம் சும்மா எழுதுன்னு. தராசு மட்டும் அதே அரிசி மூட்டை தராசு தான்னு சொன்னான்.