வெண்கல விளக்கில் ஏறிய களிம்பைச் சுரண்டி எடுக்கலாமா?

கேள்வி:
பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்த பாட்டியின் வெண்கலக் குத்துவிளக்கை இறக்கினேன். தண்டு முழுவதும் நகத்தால் கீறினாலும் பெயராத கரும்பச்சைக் களிம்பு, ஓடு போல இறுகியிருக்கிறது. அடித்தட்டின் விளிம்பில் மட்டும் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகப் பூக்கிறது; துடைத்தாலும் இரண்டே வாரத்தில் திரும்ப வருகிறது. புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒரேயடியாகத் துலக்கிவிடலாமா?

பதில்:
தயவுசெய்து துலக்க வேண்டாம். தண்டில் இருப்பது வேறு, விளிம்பில் இருப்பது வேறு. வெண்கலத்தில் உள்ள செம்பானது காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் நெடுங்காலம் கூடி உண்டாக்கிய கார்பனேட்டே பெரும்பாலும் அந்தக் கெட்டியான ஓடு. அது அடியிலுள்ள உலோகத்தை மூடிக் காக்கிறது. 1886இல் செம்பு நிறத்தோடு நின்ற நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் தகடு இன்றுவரை தாங்குவதற்கும் அதன்மேல் படிந்த பச்சைப் படலமே துணை; அங்கே அது பெரும்பாலும் சல்பேட்.

பொடிதான் கவலைக்குரியது. கடற்காற்றிலிருந்தோ உப்புப் போட்டுத் துலக்கியதிலிருந்தோ உள்ளே புகுந்த, உப்பின் கூறான குளோரைடு, செம்போடு சேர்ந்து களிம்பின் அடியில் பதுங்கியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது பச்சைப் பொடியாக மாறி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிட, அந்த அமிலம் மேலும் செம்பை அரித்து மீண்டும் குளோரைடை உண்டாக்கும். இந்தச் சுழற்சியையே வெண்கல நோய் என்கிறார்கள்.

கேட்டவர்:
நன்றி. பொடியை மூங்கில் குச்சியால் தள்ளிப் பார்த்தேன். அடியில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்திலும் பச்சை இருக்கிறதே, அதுவும் நோய்தானா?

மற்றொரு பதில்:
கிண்ணத்துப் பச்சை துணியில் மெழுகு போல ஒட்டினால், அது பழைய எண்ணெயின் அமிலம் செம்போடு சேர்ந்தது, நோயன்று. குழிதான் நோயின் அடையாளம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் ஆய்வுக்கூடம், இந்த நோய் கண்ட வெண்கலப் படிமங்களை மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் மீட்டது. அம்முறை உலோகத்தைக் காக்கும் கெட்டிக் களிம்பையும் சேர்த்து நீக்கிவிடுவதால், குளோரைடை மட்டும் செயலிழக்கச் செய்யும் பென்சோடிரையசோல் போன்ற வேதிப்பொருள்களையே இக்காலப் பாதுகாப்பு வல்லுநர்கள் பெரிதும் நாடுகிறார்கள். அது நச்சுத்தன்மை உடையது. வீட்டில் முயல வேண்டாம்.

பயிற்சி பெற்றவரிடம் கொண்டு செல்லும்வரை, விளக்கைச் சாக்கிலிருந்து எடுத்து, இறுக்கமாக மூடும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பொடி பூப்பது பெரும்பாலும் அடங்கிவிடும்.