ஸ்கேனர் சொல்றதும் ஒயர் சொல்றதும்: செக் லைட் வண்டி அனுபவங்கள்

கோவை, கார் எலக்ட்ரிகல்:

பி.எஸ்.6 புகை விதி வந்தது 2020 ஏப்ரல்ல. அதுக்கப்புறம் வந்த வண்டிகள்ல டேஷ்போர்டுல செக் லைட் (இன்ஜின் கோளாறு விளக்கு) எரிஞ்சா நிறையப் பட்டறையில நடக்கறது ஒண்ணுதான். ஸ்கேனரைச் சொருகுவாங்க, வர்ற கோட்ல (கோளாறு நம்பர்) எந்த சென்சார் பேரு இருக்கோ அதைக் கழட்டிப் புதுசு மாட்டுவாங்க. ரெண்டு நாள்ல அதே லைட் மறுபடி எரியும். கோட் சொல்றது சென்சார் கெட்டுப்போச்சுன்னு இல்லீங்க. அந்த லைன்ல வர்ற வோல்டேஜ் ஈசியு (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர் பொட்டி) எதிர்பார்த்த அளவுல இல்லைன்னுதான் பெரும்பாலும் சொல்லுது. சென்சார், ஒயர், கப்ளர் (ஒயரைச் சொருகற இணைப்பு), எர்த், சப்ளை, இந்த அஞ்சுல எதுங்கறதை மீட்டர் வெச்சு நாமதான் கண்டுபிடிக்கோணும். அவங்கவங்க கைக்கு வந்த வண்டியில என்ன பார்த்தீங்க, எப்படி அளந்தீங்கன்னு எழுதுங்க. புதுசாத் தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு உதவும்.

ஒரு டீசல் கார். செல்ஃப் நல்லாச் சுத்துது, ஸ்டார்ட் ஆகலை. கோட் மூணு: ரெயில் (டீசலை அழுத்தத்துல தேக்கி இன்ஜெக்டருக்குக் கொடுக்கற கொழாய்) பிரஷர் சென்சார், டர்போ காத்து அழுத்தம் பார்க்கற பூஸ்ட் சென்சார், ஏசி கேஸ் பிரஷர் சென்சார். மூணும் ஒரே நாள்ல கெட வாய்ப்பே இல்லை. மூணுக்கும் பொதுவா இருக்கறது ஈசியுல இருந்து போற 5 வோல்ட் சப்ளை. ரெயில் சென்சார் கப்ளரைக் கழட்டி, சாவியை ஆன் போட்டு அளந்தா 5 வர வேண்டிய இடத்துல 0.8தான் வருது. மீட்டரை அப்படியே வெச்சுட்டு அந்த லைன்ல இருக்கற சென்சார் கப்ளரை ஒவ்வொண்ணாக் கழட்டோணும். ஏதாவது ஒண்ணைக் கழட்டினதும் சட்டுனு 5 ஆச்சுன்னா அந்த சென்சாருக்குள்ள சார்ட். இந்த வண்டியில மூணையும் கழட்டியும் ஏறலை. அப்ப கோளாறு ஒயர்ல.

ஏசி சென்சாருக்குப் போற ஒயர் ரேடியேட்டர் பக்கம் ஒரு தகட்டு பிராக்கெட் மேல போகுது. கிளிப் ஒடைஞ்சு ஒயர் தகட்டு விளிம்புல உரசிட்டு இருந்துச்சு. ஒயரை மூடியிருக்கற கொசுவக் கொழாயைப் பிரிச்சுப் பார்த்தா ஒயர் மேல எள்ளு அளவுக்குத் தேய்மானம், உள்ள செம்பு பச்சை பூத்து நிக்குது. அந்த எள்ளு அளவு இடம் பாடியில படறப்பதான் 5 வோல்ட் இறங்குது. பச்சை பிடிச்ச அளவுக்கு வெட்டி எறிஞ்சுட்டு, அதே தடிமன் ஒயர் போட்டு சால்டர் வெச்சு, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஏத்தி, புதுக் கிளிப்ல தகட்டை விட்டுத் தள்ளிக் கட்டியாச்சு. வெறும் டேப் சுத்தி விட்டா இன்ஜின் சூட்டுக்குப் பசை உருகி ஆறு மாசத்துல திரும்ப வரும்.

சங்ககிரி, லாரி ஒயரிங்:

அண்ணா சொன்ன சப்ளை விசயத்துலயே இன்னொண்ணுங்க. மீட்டர்ல 24 வோல்ட் காட்டுதுன்னு லைன் நல்லா இருக்குன்னு நம்பக் கூடாது. ஒயர்ல இருக்கற இழை எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 24 காட்டும், ஏன்னா மீட்டர் இழுக்கற கரண்ட் ஒண்ணுமே இல்லை. ஈசியு சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல 24 வோல்ட் 21 வாட் பல்பு போடுங்க. கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்னு எரிஞ்சாத்தான் லைன் சரி. மங்கலா எரிஞ்சா பியூஸ் ஹோல்டர், ரிலே சாக்கெட், பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச்னு ஒவ்வொரு இடமா அளந்துட்டே வரோணும். இந்தப் பல்பை சென்சார் லைன்லயோ 5 வோல்ட் லைன்லயோ போட்டுடாதீங்க, ஈசியு போயிரும்.

எர்த்துக்கு: மீட்டர் கறுப்பு பேட்டரி நெகடிவ் முனையில, சிவப்பு ஈசியு எர்த் பின்ல. செல்ஃப் அடிக்கறப்பப் பார்க்கோணும். 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் மோசம். சேஸ்ல எர்த் போல்ட் இருக்கற இடத்துல பெயிண்டைச் சுரண்டி, வாஷர் மாத்தி முறுக்கினாலே அஞ்சாறு கோட் தானாப் போகும். செல்ஃப் அடிக்கறப்ப பேட்டரி 18 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது, கார்ல 9.6. அதுக்குக் கீழ போனா ஈசியு செல்ஃப் நடுவுலயே அணைஞ்சு அணைஞ்சு எழும். அந்த நேரத்துல பதிவாகற கோட் எதையும் நம்ப வேண்டாம்.

ஊசியை ஒயர் மேல குத்தி அளக்கறதை முதல்ல விடோணும். குத்தின ஓட்டையில தண்ணி இறங்கி அடுத்த மழைக்கே உள்ள பச்சை பூக்கும். கப்ளர் பின்பக்க ரப்பர் வழியா மெல்லிய பின் விட்டு அளங்க.

நாமக்கல், லாரிப் பட்டறை:

நம்மூர்ல கோழித்தீவன குடோன் பக்கம் நிக்கற வண்டிகளுக்கு எலிதான் பெரிய தொந்தரவுங்க. தீவனத்துக்கு வர்ற எலி ராத்திரி சேஸ் மேல ஏறி ஒயரைக் கடிக்கும். அப்படி ஒரு முட்டை லாரியில எஸ்.பி.என். 3226, எஃப்.எம்.ஐ. 9. எஸ்.பி.என். எந்தப் பாகம்னு சொல்லும், எஃப்.எம்.ஐ. என்ன மாதிரிக் கோளாறுன்னு சொல்லும். இது பின்னாடி இருக்கற நாக்ஸ் (புகையில இருக்கற நைட்ரஜன் ஆக்சைடு வாயு) சென்சார் கோட். வேற இடத்துல புதுசு வாங்கி மாட்டியாச்சு, லைட் போகலை.

இதுல பார்க்க வேண்டியது எஃப்.எம்.ஐ. நம்பர். 3 வந்தா வோல்டேஜ் அதிகம், 4 வந்தா கம்மி, 5 வந்தா லைன் ஓப்பன். 9 வந்தா அந்தப் பொட்டிகிட்ட இருந்து நேரத்துக்குத் தகவல் வரலைன்னு அர்த்தம். நாக்ஸ் சென்சாருக்குத் தனியா ஒரு பொட்டி இருக்கு, அது கேன் லைன்ல (பொட்டிகள் ஒண்ணுக்கொண்ணு தகவல் பேசிக்கற ரெண்டு ஒயர்) பேசும். பேச்சே வரலைன்னா சென்சார் முனையைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி அதுக்குச் சப்ளை, எர்த், கேன் ரெண்டு ஒயர், நாலும் போகுதான்னு பாருங்க.

பேட்டரியைக் கழட்டிட்டு கேன் ஹை, கேன் லோ நடுவுல ஓம் அளந்தா 60 வரோணும். ரெண்டு கடைசியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர், ரெண்டும் பேரலல்ல 60. 120 காட்டினா ஒரு பக்கம் லைன் அறுந்திருக்கு. 40 காட்டினா யாரோ மூணாவது ரெசிஸ்டர் மாட்டியிருக்காங்க. சைபர் பக்கம் வந்தா ரெண்டும் ஒட்டிக்கிச்சு. இந்த வண்டியில மெயின் லைன் 60 சரியா இருந்துச்சு, பொட்டிக்குப் பிரியற கிளை ஒயர் சேஸ் உள்பக்கம் கடிச்சு அறுந்திருந்துச்சு. கிளை அறுந்தா 60 மாறாது, அதனால 60 வந்துருச்சுன்னு நிறுத்திக்காம பொட்டி கப்ளர் வரைக்கும் போய் அளக்கோணும். கேன் ஒயரை ஒட்டறப்ப முறுக்கலைப் பிரிச்சு நீளமா விடாதீங்க, ரெண்டு ஒயர் ஜாயிண்ட்டையும் ஒரே இடத்துல போடாம கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுங்க.

இன்னொண்ணு, வண்டி ஆறிக் கிடக்கறப்ப ஸ்கேனர்ல நாக்ஸ் அளவு வராது. சைலன்சர்ல ஈரம் காயற அளவுக்குச் சூடேறினாத்தான் சென்சார் வேலையை ஆரம்பிக்கும். வாட்டர் சர்வீஸ் பண்ணின கையோட ஸ்கேன் போட்டு சென்சார் செத்துப்போச்சுன்னு முடிவு பண்றது தப்பு.

கரூர், பாடி கட்டற பட்டறை:

வெல்டிங் பத்தி எழுதியே ஆகோணும். பாடி கட்டறப்ப, பம்பர் ஒட்டறப்ப, கொக்கி வைக்கறப்ப ஈசியு எரிஞ்ச வண்டி எத்தனையோ. சாவியை ஆஃப் பண்ணின உடனே பேட்டரியைக் கழட்டக் கூடாது. புகையைச் சுத்தம் பண்ண சைலன்சர்ல பீச்சற யூரியாக் கரைசலை, லைன்ல இருந்து யூரியா பம்ப் திரும்ப டேங்குக்கு இழுத்துக்கும், அந்தச் சத்தம் நிக்கற வரைக்கும் ரெண்டு மூணு நிமிசம் பொறுங்க. அதுக்கப்புறம் நெகடிவ் முதல்ல, பாசிடிவ் அடுத்து. ஈசியு கப்ளர், யூரியா பம்ப் கப்ளர், நாக்ஸ் பொட்டி கப்ளர் எல்லாம் கழட்டிப் பாலித்தீன் கட்டுங்க. வெல்டிங் எர்த் கிளிப் ஒட்டற இடத்துக்குப் பக்கத்துலயே, பெயிண்ட் சுரண்டின இரும்புல இருக்கோணும். எர்த்தை முன்னாடி போட்டுப் பின்னாடி ஒட்டினா கரண்ட் பேரிங், எர்த் பட்டை, சென்சார் எர்த்னு கெடைச்ச வழியில எல்லாம் பாயும். முதல்ல போறது கேன் பேசற சிப்பு, அடுத்தது 5 வோல்ட் சப்ளை.

டிரைவர்களும் கவனிக்கோணும். இன்ஜினை நிறுத்தின மறு நொடியே கட் ஆஃப் சுவிட்சைத் திருப்பறதுதான் யூரியா லைன் உப்புக் கட்டிக்கிறதுக்கு முக்கியக் காரணம்.

பொள்ளாச்சி, டீசல் பம்ப் வேலை:

ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறறப்ப மட்டும் இழுவை போற லோடு வண்டி. கீழ எந்தக் குறையும் இல்லை. 40 கொண்டை ஊசி வளைவுல பத்து ஏறறதுக்குள்ள செக் லைட், பி0087. ரெயில் பிரஷர் கம்மின்னு அர்த்தம். இந்தக் கோட் வந்தாலே ஹை பிரஷர் பம்ப் போச்சுன்னு சொல்லிடறாங்க, அது பெரிய செலவு. முதல்ல ஸ்கேனர்ல ரெண்டு அளவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஈசியு கேக்கறது எவ்வளவு, கெடைக்கறது எவ்வளவுன்னு. ஐடில்ல ரெண்டும் 300 பார் பக்கம் ஒத்துப்போயி, லோடுல கேக்கறது 1400, கெடைக்கறது 900ன்னா பம்புக்கு டீசல் பத்தலை, இல்லாட்டி எங்கயோ கசியுது.

பம்புக்கு வர்ற லைன்ல ஒரு முழம் உள்ள தெரியற பிளாஸ்டிக் கொழாய் மாட்டுங்க. காத்துக் குமிழ் ஓடினா டேங்க்ல இருந்து பில்டர் வரைக்கும் எங்கயோ காத்து இழுக்குது. குமிழ் இல்லாட்டி பில்டர், டேங்க் உள்ள இருக்கற வலை. அதுவும் சுத்தம்னா ரிட்டர்ன் டெஸ்ட். ஒவ்வொரு இன்ஜெக்டர் ரிட்டர்ன் கொழாயையும் தனித்தனி பாட்டில்ல விட்டு ரெண்டு நிமிசம் ஐடில்ல ஓட்டுங்க. ஒரு பாட்டில் மட்டும் மத்ததைவிட ரெண்டு மூணு மடங்கு ரொம்பினா அந்த இன்ஜெக்டர்தான். இந்த வண்டியில இன்ஜெக்டர் வரைக்கும் போகவே இல்லை. பில்டர் மூடி ரப்பர் ரிங் மடிஞ்சு உக்காந்திருந்துச்சு.

பழைய டீசல் வண்டியில எந்த சிலிண்டர் அடிக்கலைன்னு பார்க்க இன்ஜெக்டர் பைப் நட்டை ஓட்டத்துலயே லூஸ் பண்ணுவோம். இப்ப வர்ற காமன் ரெயில் வண்டியில அந்தக் கை பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆயிரம் பார்ல பீச்சற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போகும், காயம் சின்னப் புள்ளியாத் தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி போகோணும். ஸ்கேனர்ல சிலிண்டரை ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. இன்ஜெக்டர் கப்ளரைக் கையில தொடாதீங்க, அங்க 12 வோல்ட் இல்லை, 50க்கும் மேல வரும். இன்ஜெக்டர் மாத்தினா அது மேல அடிச்சிருக்கற எழுத்தும் நம்பரும் அந்த சிலிண்டருக்கு ஈசியுல ஏத்தோணும். பழசையே இடம் மாத்திப் போட்டாலும் அப்படித்தான். செப்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு.

திருப்பூர், டூவீலர்:

பைக்கைப் பத்தி ஒரு வரி. லீவுக்கு ஊருக்குப் போயி மூணு மாசம் நிக்கற எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் பீச்சற) வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா, சாவி போட்டதும் ரெண்டு மூணு நொடி பம்ப் சத்தம் வருதான்னு கேளுங்க. சத்தம் இல்லைன்னா பியூஸ், ரிலே, பேட்டரி. சத்தம் வந்தும் அடிக்கலைன்னா பெட்ரோலைக் கண்ணாடி பாட்டில்ல எடுத்துப் பாருங்க. எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி சேர்ந்தா அடியில பிரிஞ்சு நிக்கும், பம்ப் அடியில இருந்துதான் இழுக்கும்.

ஈரோடு, லோடு வண்டி சர்வீஸ்:

யூரியாக் கரைசலோட தரத்தைப் பத்தி யாரும் எழுதலை. நம்ம பக்கம் உர யூரியாவைப் போர் தண்ணியில கரைச்சு ஊத்தற பழக்கம் இருக்கு. உர யூரியா 2015ல இருந்து வேப்பெண்ணெய் பூசித்தான் வருது. அந்த எண்ணெய், உரத்துல இருக்கற பையூரெட்ங்கற கசடு, நம்ம போர் தண்ணியில இருக்கற சுண்ணாம்பு, எல்லாம் சேர்ந்து நாசில்ல வெள்ளையாக் கட்டிக்கும், கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். ரிப்ராக்டோமீட்டர்ல (கரைசல் அடர்த்தி பார்க்கற கருவி) சரியான அளவான 32.5 சதம் காட்டுச்சுன்னு சொல்றவங்க கவனிங்க, அந்தக் கருவி யூரியா எவ்வளவு இருக்குன்னுதான் சொல்லும், சுத்தமா இல்லையான்னு சொல்லாது. கட்டி பிடிச்ச நாசிலைக் கம்பி விட்டுக் குத்தாம, சுடுதண்ணியில ஊற வெச்சாலே கரையும். ரொம்ப நாள் வெந்து இறுகினது கரையாது, மாத்தித்தான் ஆகோணும்.

பெருந்துறை, டிரைவர்:

அண்ணா, டி.பி.எஃப். (டீசல் புகைக் கரியைப் பிடிக்கற வடிகட்டி) லைட் வந்தா ரீஜென் (அந்தக் கரியை எரிக்கறது) எங்க வேணா நிறுத்திப் போடலாமுங்களா?

ஈரோடு, லோடு வண்டி சர்வீஸ்:

கூடாதுங்க தம்பி. உள்ள 600 டிகிரி வரைக்கும் போகும், முக்கால் மணி நேரம் ஓடும். பஞ்சு குடோன், தென்னை நார் களம், காஞ்ச புல்லு, வைக்கப்போர் பக்கத்துல நிறுத்தாதீங்க. சைலன்சர் வாய் சொவத்தையோ வேற வண்டியையோ பார்த்து இருக்கக் கூடாது. முடிஞ்சதும் ஆயில் குச்சியைப் பாருங்க. மேல் கோட்டைத் தாண்டியிருந்தா டீசல் கலந்திருக்கு, ஆயில் மாத்தோணும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா ரீஜென் கேட்டா டி.பி.எஃப்.பைக் குறை சொல்லாதீங்க. டர்போ கொழாய் கிழிசல், இ.ஜி.ஆர். வால்வு (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு விடறது) சிக்கிக்கிட்டது, இன்ஜெக்டர் ஒழுகறது, இதுல ஒண்ணு புகையை உண்டாக்கிட்டு இருக்கும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப்ல டி.பி.எஃப். பிரஷர் வித்தியாசம் சைபர் காட்டோணும், இல்லாட்டி அந்த சென்சாரோட ரெண்டு ரப்பர் கொழாயைப் பாருங்க. டி.பி.எஃப். உள்ள இருக்கறதைக் கொடைஞ்சு எடுத்துட்டு சாப்ட்வேர் மாத்தறது சட்டப்படி குத்தம், அந்தப் புகை நம்ம ஊர்ல நம்ம பிள்ளைகதான் சுவாசிக்கோணும்.

கோவை, கார் எலக்ட்ரிகல்:

எப்ப ஈசியுவைக் கழட்டி ரிப்பேருக்கு அனுப்பலாம்னு தனியாக் கேட்டிருந்தாங்க. சப்ளை பின் எல்லாத்துலயும் பல்பு பளிச்னு எரியோணும், எர்த் 0.2க்குள்ள, எல்லா சென்சாரையும் கழட்டின பிறகும் 5 வோல்ட் வரலை, ஈசியு கப்ளர்லயே அந்தப் பின்னை எடுத்துத் தனியா அளந்தும் வரலை. அப்பத்தான் பொட்டி மேல சந்தேகம். அனுப்பறதுக்கு முன்னாடி மேல ஒட்டியிருக்கற லேபிளையும், ஸ்கேனர்ல வர்ற சாப்ட்வேர் நம்பரையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. இன்னொரு வண்டிப் பொட்டியைச் சும்மா மாட்டினா இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியை ஏத்துக்காது. சாப்ட்வேர் ஏத்தறப்ப பேட்டரிக்கு நிலையான சார்ஜர் போட்டு, ஹெட்லைட், ஃபேன் எல்லாம் ஆஃப்ல வெச்சு, முடியற வரைக்கும் கதவைக்கூடத் திறக்காதீங்க.