இல்லத்தில் வளர்ந்தவன், ஜூனில் வெளியே போக வேண்டும். காலேஜுக்குப் பணம் எங்கே கேட்பது?

காவிரிக்கரைப் பையன்:
வணக்கம். எனக்கு 4 வயதில் அப்பாவும் 7 வயதில் அம்மாவும் இறந்துவிட்டார்கள். அப்பாயி கொஞ்ச நாள் வைத்திருந்தார், அவராலும் முடியவில்லை, அதிலிருந்து திருச்சி பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்தில்தான் இருக்கிறேன். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. 487 மார்க். மெக்கானிக்கல் படிக்க ஆசை. பிப்ரவரியில் 18 முடிந்துவிட்டது, ஜூனுக்குள் கிளம்ப வேண்டும் என்று வார்டன் சார் சொல்லிவிட்டார். அவர் மேல் குறை சொல்லமாட்டேன், என் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். லோன் கேட்டு ஒரு பேங்குக்குப் போனேன், அப்பா அம்மா கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் சம்பளம் வாங்குகிற கார்டியன் வேண்டும் என்றார்கள். யாரும் இல்லை என்று சொன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஃபீஸ், தங்க இடம், சாப்பாடு, இதற்கெல்லாம் என்ன வழி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி அக்கா:
தம்பி, நானும் இல்லத்தில் வளர்ந்தவள்தான், இப்போது ஸ்டாஃப் நர்ஸ். லோன் பேச்சை முதலில் ஓரமாக வை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2021இல் இன்ஜினியரிங்குக்கு அது வந்தபோதே, அதில் சேருகிறவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். விண்ணப்பத்தில் அதைச் சரியாகக் குறிப்பிடு. அதுபோக தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் மாதிரி.

நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. இல்லத்து வாசலைத் தாண்டுவதற்குள் உன் காகிதங்களை எல்லாம் வாங்கிவிடு. உன்னைச் சேர்த்தபோது குழந்தைகள் நலக் குழு போட்ட உத்தரவின் நகல், அப்பா அம்மா இறப்புச் சான்று, உன் பிறப்புச் சான்று, எந்தத் தேதியிலிருந்து எதுவரை அங்கே இருந்தாய் என்று இல்லத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம். நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியே வந்தேன், இதில் ஒன்றுகூட அதற்குள் இல்லை. அப்புறம் தேவைப்பட்டுத் திரும்பிப் போனால் இல்லத்தையே மூடியிருந்தார்கள். பழைய பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அலைந்ததிலேயே எனக்கு ஒரு படிப்பு வருஷம் போய்விட்டது. உதவித்தொகை இருந்தது தம்பி, அது எனக்கு உரியது என்று காட்டத்தான் என்னிடம் எதுவும் இல்லை.

அந்த உத்தரவோடு கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போ. பின்பராமரிப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகு தருகிற உதவி, வேண்டும் என்று மனு கொடு. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவி தரலாம் என்கிறது. 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, அதனால் கேட்டு வாங்க வேண்டும். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இதற்கு மாதம் 4000 ரூபாய். 21 வயது வரைக்கும்தான், ஆனால் தேவை இருந்தால் 23 வரை நீட்டிக்க இடம் இருக்கிறது. உனக்கு மூன்றாம் வருஷத்துக்கு நடுவிலேயே 21 முடிந்துவிடும், அதனால் நீட்டிப்புக்கு அப்போதே எழுதிக் கொடு, கடைசி வருஷத்தில் தவிக்காதே.

பழைய தாலுகா ஆள்:
தம்பி, வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே, 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. கவுன்ட்டரில் இருக்கிற பலருக்கே இது நினைவில் இருக்காது. நான் சர்வீஸில் இருந்தபோது இப்படி வந்த ஒரு பெண்ணிடம் "அப்பா சாதிச் சான்று எங்கே" என்று மூன்று முறை கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், பட்டியலை எடுத்துக் காட்டிய பிறகுதான் வேலை நடந்தது. நீங்களும் பட்டியலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

வெல்டிங் பட்டறை:
எல்லாரும் இன்ஜினியரிங் என்றே பேசுகிறீர்கள். நாலு வருஷம் கையில் காசில்லாமல் ஓட்டுவது பின்னால் யாரும் இல்லாத பையனுக்குச் சாதாரணம் இல்லை. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. ஃபிட்டர் இரண்டு வருஷம், முடித்தால் கையில் தொழில். அப்புறம் படிக்கத் தோன்றினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். நான் அப்படித்தான் வந்தேன்.

நைட் டியூட்டி அக்கா:
அண்ணா, ஐடிஐ நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் 487 எடுத்து மெக்கானிக்கல் கேட்கிற பையன், ஃபீஸை அரசே கட்டத் தயாராக இருக்கும்போது பயத்தினால் மட்டும் இறங்கிவரக் கூடாது. பயப்பட வேண்டியது லீவுக்குத்தான். தீபாவளி, பொங்கல், செமஸ்டர் லீவு என்றால் ஹாஸ்டல் மெஸ்ஸை மூடிவிடுவார்கள், எல்லாரும் பை தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். முதல் தீபாவளிக்கு நான் எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். தம்பி, சேர்ந்த முதல் வாரமே ஹாஸ்டல் வார்டனிடம் உன் நிலையைச் சொல்லி, லீவிலும் தங்க அனுமதி கேள். அந்த 4000இல் மாதாமாதம் கொஞ்சம் லீவு நாள் சாப்பாட்டுக்கு என்று எடுத்து வை.

காவிரிக்கரைப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. இன்று வார்டன் சாரிடம் கேட்டேன், பீரோவைத் திறந்து என் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். உத்தரவு இருக்கிறது. அம்மாவின் இறப்புச் சான்று இருக்கிறது, அப்பாவுடையது இல்லை. திருப்பூரில் வேலைக்குப் போன இடத்தில் இறந்தார் என்று மட்டும் அப்பாயி சொல்லியிருக்கிறார். வருஷம் தெரியும், தேதி தெரியாது.

பழைய தாலுகா ஆள்:
இறந்த ஊரில்தான் பதிவாகியிருக்கும், சொந்த ஊரில் தேடாதீர்கள். திருப்பூரில் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம், அந்த வருஷப் பதிவில் தேடித் தரச் சொல்லி மனு கொடுங்கள். அப்பாவின் பெயரை ரேஷன் கார்டில் இருந்த எழுத்திலேயே எழுதுங்கள், அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து. கிடைக்கும்வரை காத்திருக்காமல், அம்மா சான்றையும் உத்தரவையும் வைத்துத் திங்கட்கிழமையே கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.