அமெரிக்க அதிபர் தேர்தலைக் கிட்ட இருந்து பார்த்து மனசு விட்டுப்போனவர்கள் இங்கே வாருங்கள்

வெஸ்ட் டி மொய்ன், அயோவா

டிவியில் பார்த்தது, வாட்ஸப்பில் வந்தது எல்லாம் வேண்டாம். நேரில் பட்டதை மட்டும் எழுதுங்கள். கட்சிச் சண்டை போட வேறு இடங்கள் இருக்கின்றன. நானே தொடங்கிவைக்கிறேன்.

எனக்கு 2018இல் குடியுரிமை கிடைத்தது. அடுத்த வருடமே ஊரில் திருவிழா. 2020 தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் களத்தில் இருந்தார்கள். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர்க் கூட்டமான காக்கஸ் அப்போது முதலில் நடந்தது அயோவாவில்தான் என்பதால் நூலகம், காபிக் கடை, மாநிலக் கண்காட்சி என்று எங்கு திரும்பினாலும் ஒரு வேட்பாளர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். எம்.எல்.ஏ. கையெழுத்துக்காக அரை நாள் வராந்தாவில் நின்று பழகியவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களில் ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது. பெயர் வேண்டாம். இரண்டாம் முறை பார்த்தபோது என் பெயரைச் சரியாக உச்சரித்து, பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்று விசாரித்தார். ஒரு வாரம் ஆபீசில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது கூட்டத்தில் நாற்காலி போடும் வேலை என்னுடையது. பக்கவாட்டுக் கதவருகே நின்றவனுக்கு எல்லாம் தெரிந்தது. கையில் தாளோடு ஒரு பெண் வேட்பாளரின் காதருகே, "நீல ஸ்வெட்டர், பள்ளி ஆசிரியை, போன மாதம் அப்பா இறந்துவிட்டார்" என்றாள். அவர் முகம் சட்டென்று கனிந்தது. நீல ஸ்வெட்டர் அம்மா அழுதுவிட்டார். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகளை விசாரித்தபோது.

அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை பேரை யாரால் ஞாபகம் வைக்க முடியும்?

அவருடைய பிரசாரத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த 23 வயதுப் பையன் ஒருவன் ஐந்து மாதம் எங்கள் வீட்டில்தான் ஞாயிறு காலைச் சாப்பாடு. இட்லிமேல் மேப்பிள் சிரப் ஊற்றிக்கொள்வான். அதையும் மன்னித்தோம். எங்கள் வட்டாரத்துக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டது அவன்தான். 2020 பிப்ரவரி 3 ராத்திரி, பள்ளிக்கூட ஜிம்மில் முந்நூறு சொச்சம் பேர். அப்போதெல்லாம் எங்கள் கட்சிக் காக்கஸில் பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அவரவர் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். 15 சதவீதம் தேறாத மூலை கலைந்துவிட வேண்டும். எங்களுக்கு 46 தலை வேண்டும். 42தான் இருந்தோம்.

அப்புறம் ஏலம். கலையப் போகிற மூலைக்கு மற்ற மூலைக்காரர்கள் வந்து கூப்பிடுவார்கள். ஆறு வருடமாக எதிர்வீட்டில் இருந்தும் குட்மார்னிங் சொல்லாதவர் அன்றைக்கு ஒரு தட்டு குக்கீஸோடு வந்தார். அவர் மூலைக்கே போனேன். கட்சித் தாவல் நமக்கென்ன புதிதா! கடைசியில் அந்த ராத்திரி யார் ஜெயித்தார்கள் என்றே தெரியவில்லை. முடிவு அனுப்பத் தந்த செயலி படுத்துவிட்டது, போன் லைன் அடைத்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம்தான் 62 சதவீத வட்டாரங்களின் கணக்கை வெளியிட்டார்கள்.

அன்று காலை மடக்கு மேஜையைத் திருப்பிக் கொடுக்க அலுவலகம் போனேன். காலி பீட்சா அட்டைகள், சுவரிலிருந்து பிய்த்த ஒயர்கள். பையன் சூட்கேஸோடு நின்றான். அவனுக்கு அடுத்த வேலை நெவாடாவில், மதியம் விமானம். "நீங்கள் என் குடும்பம்" என்று கட்டிப்பிடித்தான். பிறகு நான் அனுப்பிய இரண்டு செய்திகளுக்கும் பதில் இல்லை. ஆனால் என் நம்பர் ஊர் சுற்றிவிட்டது. நான் மிதித்தே இராத மாநிலங்களிலிருந்து யார் யாரோ, "உங்களை நம்பியிருக்கிறேன், 15 டாலர் அனுப்புங்கள்" என்று இன்றுவரை கேட்கிறார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வாருங்கள்.

நியூ ஜெர்சி

டாக்டர் தொழில். ஐம்பது பேஷன்ட் கதை கேட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஜிம்மில் பார்த்ததை நான் ஒரு பணக்கார வீட்டு வரவேற்பறையில் பார்த்தேன். 2020 தேர்தலுக்குத் தனி ஆள் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சவரம்பு தேர்தல் ஒன்றுக்கு 2,800 டாலர். முழுசாகக் கொடுத்தேன். கொடுத்தால் போட்டோ. போட்டோ எடுக்கும்போது ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். என் மச்சினன் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கார்டு. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது, ஐஸ்லாந்தானாலும் இந்தியாவானாலும் அதே கணக்கு. காரில் போகும்போது கண்ணாடியைப் பார்த்து நாற்பது நொடிக்குள் அடங்குகிற மாதிரி பேசிப் பழகிக்கொண்டேன்.

தரையில் டேப் ஒட்டியிருந்தது. முதல் டேப்பில் பையையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவதில் பெயர் அட்டை. மூன்றாவதில் ஒரு பையன், "கேள்வி வேண்டாம் சார், வரிசை நின்றுவிடும்" என்றான். நான்காவதில் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் ஃப்ளாஷ். போட்டோவில் என் வாய் பாதி திறந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "அவர்கிட்ட என்ன சொல்லிக்கிட்டிருக்கீங்க?" என்று ஆவலாகக் கேட்கிறார்கள்.

அந்த 7 சதவீதத்தை நீக்கும் மசோதா கதை தெரியுமா? 2019 ஜூலையில் கீழவையில் 365க்கு 65 என்று தேறியது. இரண்டு கட்சியும் சேர்ந்துதான். 2020 டிசம்பரில் மேலவையும் வேறு வடிவத்தில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்க ஆளில்லாமல் அந்த நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்து எல்லாம் குப்பைக்குப் போனது. மச்சினன் இன்னும் வரிசையில். அவன் வரிசையில் டேப்பும் இல்லை, போட்டோவும் இல்லை.

சான் ஹோசே, கலிஃபோர்னியா

நீங்களாவது முகத்தைப் பார்த்தீர்கள் சார். அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு இத்தனை என்று தருகிற தேர்வாளர் ஓட்டில் எங்களிடம் 54 இருக்கிறது, நாட்டிலேயே அதிகம். ஆனால் எந்தப் பக்கம் விழும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ஓட்டுக் கேட்டு ஒரு ஈ காக்கா வராது. பணம் வசூலிக்க மட்டும் வருவார்கள். வரும்போது ரோட்டை மூடிவிடுவார்கள். அமெரிக்க ஜனநாயகத்தில் என் நேரடி அனுபவம் 40 நிமிடம் காரில் உட்கார்ந்திருந்தது. பின்சீட்டில் மூன்று வயதுப் பையன், ஒன்றுக்கு வருகிறது என்று அழுகை. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

பாம் பீச் கவுண்டி, ஃப்ளோரிடா

எனக்கு வயது 78. உங்களுக்கெல்லாம் முந்தைய கதை இது.

குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டு 2000 நவம்பரில். வண்ணத்துப்பூச்சி ஓட்டுச்சீட்டு என்று பின்னால் உலகப் புகழ் பெற்றதே, அதுதான் என் கையில் இருந்தது. இரண்டு பக்கமும் பெயர்கள், நடுவில் துளைக்க வேண்டிய புள்ளிகள். இடது பக்கத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கோர் பெயர் இரண்டாவது. ஆனால் இரண்டாவது புள்ளி வலது பக்கத்தில் இருந்த தீவிர வலதுசாரி புக்கானனுக்கு, கோருக்கு மூன்றாவது. நான் இன்ஜினியர். முப்பது வருடம் வரைபடம் படித்தவன். துளைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் சந்தேகம் வந்தது: எதைக் குத்தினோம்?

எங்கள் கவுண்டியில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு விழுந்தது. யூத முதியவர்கள் நிறைந்த, ஜனநாயகக் கட்சிக்குக் கைகொடுக்கும் ஊர். அவருக்கு அவ்வளவு ஓட்டா என்று எல்லோரும் திகைத்தார்கள். இரண்டு துளை போட்டுச் செல்லாமல் போனவை 19 ஆயிரத்துக்கு மேல். மாநிலம் முழுதும் சேர்த்துக் கோர் புஷ்ஷிடம் தோற்ற கடைசி வித்தியாசம் 537. டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று மறு எண்ணிக்கையை முடித்துவைத்தது.

டிவியில் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்றீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் விடுங்கள் தம்பி. அதிகாரி ஒருவர் சீட்டை விளக்குக்கு நேரே தூக்கி, கண்ணைச் சுருக்கித் துளையைப் பார்ப்பார். என் அம்மா அரிசியில் கல் பார்ப்பது அப்படித்தான். அது என் சீட்டாக இருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் நாற்காலி நுனிக்கு வந்தேன். அதன்பிறகும் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடுகிறேன். போட்டுவிட்டு யாரிடமும் பேசுவதில்லை.

மேரிலாந்து

நான் யாழ்ப்பாணத்து ஆள். மற்றவர்கள் எழுதியது போலப் பகிடியாக எழுத எனக்கு வராது, குறை நினைக்காதையுங்கோ.

2008 நவம்பர் 4 இரவு ஒபாமா வென்றதும் எங்கட குடியிருப்பில் பாயாசம் காய்ச்சினோம். சின்னனில் அடிவாங்கி வளர்ந்த சனத்துக்கு ஒரு கறுப்பின மனிதர் வெள்ளை மாளிகைக்குள் போவது வேறு மாதிரித் தெரியும். வன்னியில் அப்போது சண்டை இறுகிக்கொண்டிருந்தது. இவர் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுவார், அதோடு நிற்கும் என்று கதைத்தோம். அண்ணன் குடும்பம் உள்ளே இருந்தது.

2009 பிப்ரவரியிலிருந்து லஃபாயெட் பூங்காவில் நின்றோம், வெள்ளை மாளிகைக்கு நேர் எதிரே. குளிரில் பதாகைத் தடி கையோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றுலா வந்த சனம் எங்களையும் சேர்த்துப் படம் எடுத்தது. நுழைவாயிலில் நின்ற காவலர் ஒருவர் நாள்போக்கில் எங்களுக்குத் தலையசைக்கத் தொடங்கினார். அந்தக் கட்டடத்திலிருந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தது அவர் மட்டும்தான்.

மே 13ஆம் தேதி ஒபாமா பேசினார். ஆயுதத்தைக் கீழே போட்டுச் சனத்தை விடச் சொல்லிப் புலிகளுக்கும், கண்மூடித்தனமான ஷெல் அடியை நிறுத்தச் சொல்லி அரசாங்கத்துக்கும். நாங்கள் கேட்ட வார்த்தைதான் வந்தது. கட்டிப்பிடித்து அழுதோம். ஐந்து நாளில், மே 18, எல்லாம் முடிந்தது.

அவரைத் திட்ட இதை எழுதவில்லை. உலகத்திலேயே பெரிய கதிரையில் இருக்கிறவர் வாயைத் திறந்தால் ஷெல் நிற்கும் என்று நினைத்தது நாங்கள். அண்ணன் மகள் ஒருத்திதான் வெளியே வந்தாள். இப்போது டொரன்டோவில் நர்ஸாக இருக்கிறாள். தேர்தல் பற்றி வீட்டில் கதைத்தால் எழும்பிப் போய்விடுவாள்.

பக்ஸ் கவுண்டி, பென்சில்வேனியா

மேலே உள்ளதைப் படித்துவிட்டு என் கதையைப் போடவே கூச்சமாக இருக்கிறது அண்ணா. இருந்தாலும்.

எனக்கு மன்னார்குடி. கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் பக்கத்திலேதான். 2024இல் வீடு வீடாகப் போகும் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். சித்தி போனில், "நம்ம ஊர்ப் பொண்ணுக்கு வேலை செய்யறியாமே, நல்லா செய்" என்று ஆசீர்வாதம். எங்கள் மாநிலத்துக்கு 19 தேர்வாளர் ஓட்டு, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற நிலை. அதனால் பணம் ஆறாக ஓடியது. ஹாரிஸ் தரப்பு திரட்டியது மட்டும் 100 கோடி டாலருக்கு மேல். ஒருவர் கதவைத் திறந்து, "இன்றைக்கு நீ ஆறாவது ஆள்" என்றார். இன்னொருவர் கதவில் 'ஓட்டுப் போட்டாகிவிட்டது, நாயை எழுப்பாதே' என்று எழுதி ஒட்டியிருந்தார்.

அக்டோபர் கடைசியில் ஒரு பாட்டி. என்னை உட்காரவைத்து ஆப்பிள் மரத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். நட்டது அவர் வீட்டுக்காரராம். ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். பில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மேஜைமேல் உறைகள், பிரிக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு. "யார் வந்தால் இது நிற்கும்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லிக்கொடுத்த பதிலில் இது இல்லை. வெளியே வந்து போனில் பதிவு செய்ய வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு, முடிவு செய்யவில்லை, மறுத்துவிட்டார், வீட்டில் ஆளில்லை. இந்த ஐந்து பொத்தான்தான். பாட்டி எதிலும் அடங்கவில்லை. அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூட வந்தவர் அவசரப்படுத்த, 'வீட்டில் ஆளில்லை' என்று அழுத்திவிட்டேன்.

நவம்பர் 5 அன்று துளசேந்திரபுரம் கோயிலில் அபிஷேகம் நடந்தது. இங்கே சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டில் தோற்றோம். சித்தி "சரி விடு" என்றார். தோற்றது எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அந்தப் பொத்தான்தான்.

சீடர் ராப்பிட்ஸ், அயோவா

நான் உங்களுக்கு எதிர்க்கட்சி, குடியரசுக் கட்சி, திட்டாதீர்கள். 2024 ஜனவரி 15, காக்கஸ் வரலாற்றிலேயே குளிரான நாள். எங்கள் கட்சியில் வேட்பாளராகப் போட்டியிட்ட விவேக் ராமசாமிக்காக எங்கள் வட்டாரத்தில் இரண்டு நிமிடம் பேசினேன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்ற பாசம்தான், வேறென்ன. நான்காவது இடம், எட்டு சதவீதம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து பனி பூட்ஸைக் கழற்றும்போது மகள் போனை நீட்டினாள். அவர் விலகிக்கொண்டு டிரம்பை ஆதரித்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை, அந்தக் கணக்கில் அவர் வேறென்ன செய்வார்? ஒரு பூட்ஸ் காலிலும் ஒரு பூட்ஸ் கையிலுமாகக் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

ஆமாம் அண்ணா, உங்கள் மேப்பிள் சிரப் பையன் என்ன ஆனான்? பதிலே போடவில்லையா?

வெஸ்ட் டி மொய்ன், அயோவா

போட்டான். நாலு வருடம் கழித்து. அரசியலை விட்டுவிட்டு இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மன்னிப்புக் கேட்டுப் பெரிய கடிதம். வாரத்துக்கு இத்தனை வீடு, இத்தனை போன் என்று அவனுக்கும் மேலே ஒருத்தி கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஒவ்வொரு ஆளுக்கும் 1 முதல் 5 வரை எண் போடுவார்கள். 1 என்றால் நிச்சய ஓட்டு, 5 என்றால் அந்தப் பக்கமே போகாதே. ஞாயிறு இட்லி தின்று முடித்துக் காரில் ஏறியதும் அவனுக்கு முதல் வேலை எங்களுக்கு எண் போடுவதுதான்.

எனக்கு முதல் வாரமே 1 விழுந்திருக்கிறது. ஐந்து மாதம் மாவரைத்து அவித்துப் போட்ட என் மனைவிக்குக் கடைசிவரை 3. கடிதத்தில் அந்த இடம் வந்ததும் அவளுக்கு ஒரே சிரிப்பு. "பரவாயில்லை, பையன் ஆளைச் சரியாத்தான் எடை போட்டிருக்கான்" என்கிறாள்.